நட்ட நடு ரோட்டில் நாலு நட்டு!

சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவே சுமார் 330 கிலோமீட்டர். வழியில் எத்தனை ஏரி, எத்தனை கோயில், எத்தனை டோல்கேட் என்று புள்ளிவிவரம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எத்தனை பஞ்சர் கடை என்று மட்டும் யாரும் எண்ணியதில்லை. ஒரு கம்பு, அதில் தொங்கும் ஒரு செத்த டயர், டயர் மேல் வெள்ளைப் பெயிண்ட்டில் 'பஞ்சர்' அல்லது 'பங்சர்' அல்லது 'பஞ்ஜர்'. அவ்வளவுதான் போர்டு. எழுத்துப்பிழை எத்தனையோ அத்தனை வருஷ சர்வீஸ் என்று அர்த்தம்!

உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு காற்று கம்ப்ரசர், ட்யூபை முக்கிப் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி, நீள நீளமாக இரும்புக் கம்பிகள், போன வருஷத்து முருகன் காலண்டர், எந்த லாரி வந்தாலும் எழுந்திருக்காத ஒரு நாய். வெகு காலமாக மாறாத காட்சி. இப்போது அதில் ஒரு புதுச் சாமான் சேர்ந்திருக்கிறது. பார்க்கத் துப்பாக்கி மாதிரி. கைப்பிடிக்கு அடியில் அரைச் செங்கல் சைஸில் ஒரு பேட்டரி. வயர் கிடையாது, காற்றுக் குழாய் கிடையாது. விசையை அமுக்கினால் 'டர்ர்ர்ர்ட்!' வீல் நட்டு கையோடு வந்துவிடுகிறது. காடலாக்கில் இதன் பெயர் 'கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச்'. ரோட்டில் சுருக்கமாக 'கன்'.

இந்தக் கன்னை வேலை நடக்கிற இடத்திலேயே பார்க்கும் வாய்ப்பு, ஆபீஸ் வேலையாகத் திருச்சிக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தது. கூட வந்தவர் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் நண்பர். ஆபீஸில் 5 ரூபாய் வவுச்சருக்கு மூன்று கையெழுத்து கேட்கிறவர். அப்பேர்ப்பட்டவர், பையன் பிறந்தநாளுக்கு சைக்கிள் வாங்கப் பாரிமுனைப் பக்கம் போய்விட்டு, சைக்கிளுக்குப் பதில் ஒரு கன்னோடு வீடு திரும்பியவர். அன்றிலிருந்து யார் வண்டியைப் பார்த்தாலும் "டயர் ஏதாவது மாத்தணுமா?" என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாலு மணி இருட்டில் பெருங்களத்தூரில் ஏறும்போது ஒரு கையில் டிபன் பாக்ஸ், மறு கையில் கன் பெட்டி. டிபன் பாக்ஸைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, கன்னை மடியில் வைத்துக்கொண்டார்.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக் காற்று. அப்புறம் பாலாறு... பாலும் இல்லை, ஆறும் இல்லை, மணல் மட்டும். மதுராந்தகம் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஏரி உடையாமல் காத்ததால் அங்கே அவர் 'ஏரி காத்த ராமர்'. "நம்ம டயரில் ஏர் காத்தாலும் போதும்" என்றார் நண்பர். சொல்லிவிட்டு உடனே முகம் வாடிவிட்டார். டயர் பஞ்சர் ஆகாவிட்டால் கன்னுக்கு வேலை இல்லையே!

"எத்தனை வோல்ட் தெரியுமா? 128!" என்று லேபிளைக் காட்டினார்.

இந்த லேபிள் விவகாரம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. இப்படிப்பட்ட கன் பேட்டரிகளில் பெரும்பாலும் உள்ளே வரிசையாக ஐந்து லித்தியம் செல்தான். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட். ஐந்தைப் பெருக்கினால் 18. முழுக்க சார்ஜ் ஏறினால் ஒரு செல்லுக்கு 4.2, ஆக மொத்தம் 21. ஒரே பேட்டரியை ஒருவர் 18 என்கிறார், இன்னொருவர் 20 என்கிறார், மூன்றாமவர் 21 என்கிறார். மூவரும் சொல்வது ஒன்றையே. 88, 128 என்று பெரிய எழுத்தில் அடித்திருப்பது மட்டும் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை சம்பளம் போடுகிற மாதிரி!

இதை நான் நண்பரிடம் சொல்லவில்லை. இன்னும் 250 கிலோமீட்டர் ஒரே வண்டியில் போக வேண்டுமே.

* * *

திண்டிவனத்தில் டீ. கடை வாசலில் நின்ற லாரியின் கிளீனர்ப் பையன் டயர்களைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தான். "ஸ்டெப்னி ஓகே அண்ணே!" என்று குரல் கொடுத்தான்.

ஸ்டெப்னி! நம் ஊரில் பாட்டிக்குக்கூடத் தெரிந்த வார்த்தை. வேறு அர்த்தத்திலும் தெரிந்த வார்த்தை, அது இங்கே வேண்டாம். இதன் சொந்த ஊர் எது தெரியுமா? பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்றொரு ஊர். அங்கே ஸ்டெப்னி தெரு. ஆரம்ப காலக் கார்களில் உபரிச் சக்கரமே கிடையாது. பஞ்சர் ஆனால் அங்கேயே உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். 1904-ல் அந்த ஊர் டேவிஸ் சகோதரர்கள், காற்றடித்த டயரோடு ஒரு தனி வளையத்தைச் செய்து, பஞ்சரான சக்கரத்தின் மேலேயே மாட்டிக்கொண்டு போகலாம் என்று காட்டினார்கள். தெருப் பெயரே சரக்குப் பெயராகிவிட்டது. அந்த வளையம் மறைந்து எத்தனையோ காலம் ஆகிறது. பெயர் மட்டும் திண்டிவனம் டீக்கடை வாசலில் உயிரோடு இருக்கிறது.

கன்னுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. வயர் இல்லாத துளைபோடும் மெஷினை அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் கம்பெனி 1961-ல் கொண்டுவந்தது. 1971-ல் அப்போலோ 15-ல் போனவர்கள் பேட்டரியில் ஓடும் மெஷினால் சந்திரனில் துளை போட்டார்கள். அங்கே பிளக் பாயிண்ட் ஏது? ஆனால் முரட்டு நட்டைக் கழற்றும் அளவுக்குப் பேட்டரிக்குத் தெம்பு வரப் பிறகும் பல காலம் பிடித்தது. 1991-ல் சோனி கம்பெனி லித்தியம் அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2000-க்குப் பிறகு அது கருவிகளுக்குள் நுழைந்தது. செல்போனுக்கு வந்த அதே அதிர்ஷ்டம்தான் ஸ்பேனருக்கும்.

* * *

விழுப்புரம் பைபாஸ், உளுந்தூர்பேட்டை எல்லாம் தாண்டி வேப்பூர். வெள்ளிக்கிழமை ஆகையால் ஆட்டுச் சந்தைக்கு வந்த வண்டிகள். மினி லாரிக்குள்ளிருந்து ஆடுகள் எங்களை ஏளனமாகப் பார்த்தன. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் அந்த வெள்ளைக் கார்.

வலது பக்கப் பின்சக்கரம் தரையோடு தரையாக இருந்தது. சக்கரத்தில் மாட்டிய எல் ஸ்பேனர் மேல் ஒரு பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி நின்றிருந்தார். பக்கத்தில் முப்பது வயசுப் பெண்மணி, கையெல்லாம் கிரீஸ். காருக்குள் ஆறு வயசுப் பையன்.

"மாமா, இறங்குங்க. பஸ் வருது" என்று அந்த அம்மாள் கத்தி முடிப்பதற்குள் ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. கார் ஊஞ்சல் மாதிரி ஆடியது. பெரியவரின் துண்டு பறந்து போய்க் கால்வாயில் விழுந்தது.

நம் ஊரில் வண்டி இடது பக்கம் போகிறது. இடது டயர் போனால் ஓரமாக உட்கார்ந்து மாற்றலாம். வலது டயர் போனால்? உங்கள் முதுகு ரோட்டுக்குள். 80, 100-ல் வருகிறவனுக்கு உங்கள் முதுகு தெரிய வேண்டும், தெரிந்தபின் அவன் விலக வேண்டும். நாலு நட்டு கழற்றும் நேரம் முழுக்க உங்கள் உயிர் முன்பின் தெரியாத ஒருவரின் கண்பார்வையில் இருக்கிறது.

"எனக்கு டயர் மாத்தத் தெரியும் சார். ரெண்டு தடவை மாத்தியிருக்கேன்" என்றார் அந்த அம்மாள். "போன வாரம் நாலு டயரும் புதுசு போட்டோம். கன்னை வச்சு டர்ருனு இறுக்கிட்டாங்க. இப்ப அசைய மாட்டேங்குது."

நண்பரின் கண்ணில் ஒளி. பெட்டியைத் திறந்தார். கன்னை மாட்டினார். விசையை அமுக்கினார். 'டர்ர்... டக்... டக்... டக்...' நட்டு அசையவில்லை. இன்னொரு தடவை. 'டக்... டக்...' மூன்றாம் தடவை நட்டுக்குப் பதில் பேட்டரி அடங்கிவிட்டது. பையன் காருக்குள்ளிருந்து, "அங்கிள், அது பொம்மையா?" என்று கேட்டான்.

கணக்கு இதுதான். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 10 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டால் கிடைக்கிற முறுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். சின்னக் கார் வீல் நட்டுக்குக் கம்பெனிகள் சொல்கிற அளவு அந்தச் சுற்றுவட்டாரம்தான், 85-லிருந்து 120 வரை. காரோடு வரும் எல் ஸ்பேனர் ஓர் அடிக்கும் குறைவு. ஆகவே 35, 40 கிலோ அமுக்கினால் கழன்றுவிடும். அறுபது கிலோ ஆசாமி அதன் மேல் ஏறி நின்றால் 165 வரை போகும். ஆனால் டயர் மாட்டின இடத்தில் யாரோ அவசரத்தில் 300 வரை ஓட்டி இறுக்கியிருந்தால்? பெரியவர் அதன் மேல் பரதநாட்டியமே ஆடினாலும் வராது. அதோடு போவதில்லை. அளவுக்கு மீறி இறுக்கினால் நட்டு உட்கார்ந்திருக்கும் போல்ட் இழுபட்டு, ஒருநாள் அறுந்தே போகலாம்.

மதகுச் சுவரில் பார்த்தேன். 'பஞ்சர் 24 மணி', கீழே ஒரு செல் நம்பர். போட்டேன். "வலது பக்கமா, இடது பக்கமா?" இதுதான் முதல் கேள்வி. "வலது" என்றதும், "யாரும் கீழ உக்காராதீங்க. பத்து நிமிஷத்துல வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

* * *

எட்டே நிமிஷத்தில் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வந்தது. நாற்பது வயசு இருக்கும். முன்னால் ஒரு பெயிண்ட் வாளி, அதற்குள் ஜாக்கி. தோளில் பள்ளிக்கூடப் பை, அதற்குள் கன்.

வந்தவர் நட்டைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தார்.

"அக்கா, பையனைத் தூக்கிட்டு கம்பித் தடுப்புக்கு அந்தாண்ட போங்க. ஐயா, நீங்களும். வண்டியை நான் மெள்ள முன்னாடி உருட்டுறேன். அந்த மதகு தாண்டி அகலமா மண்ணு இருக்கு."

"டயர் போயிடுமேப்பா" என்றார் பெரியவர்.

"போவட்டும் ஐயா. கடையில டயர் கிடைக்கும்."

நூறு மீட்டர் உருட்டி, ரோட்டை விட்டு நன்றாக உள்ளே இறக்கினார். ஹாண்ட் பிரேக், கியர், எதிர்மூலை முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். சிவப்பு முக்கோணத்தை என்னிடம் கொடுத்து ஐம்பது மீட்டர் பின்னால் வைக்கச் சொன்னார். ஜாக்கி போடுவதற்கு முன்பே கன்னை எடுத்தார். சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் நட்டைத் தளர்த்த வேண்டும். தூக்கிவிட்டால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும்.

'டர்ர்ர்ர்ட்!' ஒன்று. 'டர்ர்ர்ர்ட்!' இரண்டு. மூன்று. நாலாவது மட்டும் அடம் பிடித்தது. ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடித்தார். 'டக டக டக டக... டர்ர்ட்!' வந்துவிட்டது.

கன்னின் ரகசியம் முறுக்குவதில் இல்லை, தட்டுவதில் இருக்கிறது. உள்ளே ஒரு சின்னச் சுத்தியல், ஸ்பிரிங்கோடு சேர்ந்து சுழல்கிறது. நட்டு முரண்டு பிடித்தால் சுத்தியல் பின்வாங்கி, நழுவி, மறுபடி பாய்ந்து அடிக்கிறது. நிமிஷத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் அடி. துருப்பிடித்த தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, கல்லால் நாலு தட்டுத் தட்டுவோமே, அதே வித்தைதான். அதனால்தான் பிடித்திருக்கும் கைக்கு அந்த முறுக்கு தெரிவதே இல்லை.

ஃபார்முலா ஒன் ரேஸில் 2023-ல் கத்தாரில் மெக்லாரன் டீம் நாலு சக்கரத்தையும் 1.80 விநாடியில் மாற்றியது. அங்கே சக்கரத்துக்கு ஒரே நட்டு, அழுத்திய வாயுவில் ஓடும் கன், சுற்றி இருபது பேர். நம் ஊரில் இருபது பேர் கூடினால் இருபது யோசனைதான் கிடைக்கும். இங்கே ஒருத்தர், எட்டு நிமிஷம், ஸ்டெப்னி ஏறிவிட்டது.

நட்டுகளைக் கையாலேயே திருகி உட்கார வைத்தார். வண்டியை இறக்கினார். அப்புறம் எல் ஸ்பேனரை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாக ஒவ்வொன்றாக இறுக்க ஆரம்பித்தார். பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"அந்த மெஷின்லயே இறுக்கேம்ப்பா. சீக்கிரம் முடியுமே."

"கழட்டுறதுக்கு மெஷின் ஐயா. இறுக்குறதுக்குக் கை. இதை மாத்திப் பண்ணதாலதான் நீங்க காலையிலேருந்து இங்க நிக்கிறீங்க."

* * *

காசு வாங்கிக்கொண்டவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் தொழில் கற்றது இந்த ரோட்டோரமே கடை வைத்திருந்த பாலக்காட்டு சேட்டன் ஒருவரிடம். அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்தே கற்றார்கள்.

"கடையில கம்ப்ரசர் கன் இருந்துச்சு சார். ஆனா குழாய் எட்டுற தூரம்தான் வேலை. ரோட்டுல நிக்கிற வண்டிக்கு ஸ்பேனரும் பைப்பும்தான். லாரி நட்டு சும்மா வராது. ஸ்பேனர் பின்னாடி ஆறடி பைப்பைச் சொருகி, ரெண்டு பேர் தொங்கணும். ஒரு ராத்திரி, லாரிக்கு வலது பக்க டயர். அண்ணன் பைப்பைப் புடிச்சிருந்தான். பைப்பு நுனி ரோட்டுக்குள்ள நீட்டிக்கிட்டு இருந்துச்சு. வந்த வேன் ஆளை இடிக்கல சார். பைப்பைத்தான் இடிச்சுது. பைப்பு சுழண்டு வந்து அண்ணன் கால்ல அடிச்சுது."

கொஞ்சம் நிறுத்தினார்.

"இப்ப கால்ல ராடு. கடையிலேயே உக்காந்து ட்யூப் ஒட்டுறான். நான் மொதல்ல வாங்குனது இந்தக் கன்தான். வட்டிக்கு வாங்கி வாங்குனேன். சீக்கிரம் முடியும்னு இல்ல சார். பைப்பு வெளிய நீட்டாம முடியுது பாருங்க, அதுக்காக."

லாரிக்கென்று இதைவிடப் பெரிய கன் ஒன்றும் கடையில் வைத்திருக்கிறாராம். நண்பர் தன் கன்னை எடுத்து அவரிடம் காட்டினார். அவர் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, யார் மனசும் நோகாமல் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு அண்ணே. சரியா இறுக்குன நட்டை இது கழட்டும். பேட்டரியை மட்டும் கார்லயே போட்டு வச்சுடாதீங்க."

அவர் சொன்னதும் நான் விசாரித்ததுமாகச் சில விஷயங்கள். கன் வாங்கினால் அரை அங்குல டிரைவ் உள்ளதாக வாங்குங்கள். மாருதிக்குப் பெரும்பாலும் 19 எம்.எம். சாக்கெட், ஹூண்டாய், டொயோட்டாவுக்கு 21. கன்னுக்கென்றே வரும் கறுப்பு நிறத் தடித்த சாக்கெட்தான் மாட்ட வேண்டும். பளபள சாக்கெட் அடி தாங்காமல் தெறிக்கும். அலாய் வீலாக இருந்தால் மேலே பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிசு சாக்கெட். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் லித்தியம் பேட்டரி வெந்துவிடும், வீட்டுக்கு எடுத்துப் போங்கள். கன் இருக்கிறதே என்று எல் ஸ்பேனரை வீட்டில் போட்டுவிடாதீர்கள். கடைசி இறுக்கு அதில்தான். இன்னும் சுத்தமாகச் செய்ய நினைத்தால் டார்க் ரெஞ்ச் என்று ஒன்று இருக்கிறது. குறித்த அளவு வந்ததும் 'க்ளிக்' என்று சொல்லிவிடும். டயர் மாற்றும் கடையில் பக்கத்தில் நின்று, "கடைசியில கையால இறுக்குங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள். நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033-க்குப் போன் போடலாம். ரோந்து வண்டி வரும்.

கிளம்பும்போது அந்த அம்மாளிடம் அவர் சொன்னார்: "அக்கா, அம்பது கிலோமீட்டர் போனதும் ஒருக்கா கையால இறுக்கிப் பார்த்துடுங்க. மாட்டின சக்கரம் ஓடி உக்காந்ததும் நட்டு கொஞ்சம் எடம் கொடுக்கும்." எக்ஸெல் திரும்பி, எதிர்ப்பக்கத்துக்குப் போக வழி தேடி, ஓரமாகவே போனது.

* * *

தொழுதூர், வெள்ளாறு, பெரம்பலூர். இருபுறமும் மக்காச்சோளக் கொல்லைகள், நடுநடுவே மொட்டைப் பாறைகள். வெள்ளைக் காருக்குப் பின்னாலேயே போனோம். அவர்கள் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்கு. குலதெய்வமாம். வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் வழக்கமாக நடை திறப்பு. அதனால்தான் விடியற்காலையில் அந்த ஓட்டம்.

கோயில் வாசலில் அந்த அம்மாள் முதலில் அர்ச்சனைத் தட்டு வாங்கவில்லை. டிக்கியைத் திறந்து எல் ஸ்பேனரை எடுத்தார். குறுக்கும் நெடுக்குமாக நாலு நட்டையும் கையால் இறுக்கிப் பார்த்தார். மூன்று அசையவில்லை. நாலாவது கால் திருகு உள்ளே போனது. "பார்த்தீங்களா?" என்று எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கோயிலுக்குள் நடந்தார்.

பின்னாலேயே தேங்காயோடு வந்த பெரியவர் எங்கள் காரருகே நின்றார். நண்பரின் மடியிலிருந்த பெட்டியை உற்றுப் பார்த்தார்.

"ஏன் தம்பி, அந்தத் துப்பாக்கியால இந்தத் தேங்காயையாவது உடைக்க முடியுமா?"

"பேட்டரி தீர்ந்துடுச்சுங்க ஐயா" என்றார் நண்பர்.